ஆர்வியில் பல்பு மங்காது: கேம்ப்கிரவுண்ட் கரன்டை நம்பி இறங்கும் முன்

ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜ் வாங்காத வீட்டில் வளர்ந்தவன் நான். சாயங்காலம் பல்பு மஞ்சளடிக்க ஆரம்பித்ததும், "லோ வோல்டேஜ், மோட்டாரை நிறுத்து" என்று அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார். அமெரிக்கா வந்த சில வருடங்களில் அந்தப் பழக்கமெல்லாம் மறந்துபோயிற்று. இங்கே வீட்டுக்கு வரும் கரன்ட் 120 வோல்ட். ஐந்து சதவீதம் கூடக் குறைய, அதாவது 114-க்கும் 126-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தரநிலை. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தத் தைரியத்தில், ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டி, வாங்கிய கையோடு ஒரு ஜூலை மாதம் சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ஒரு பழைய கேம்ப்கிரவுண்டில் போய் நிறுத்தினோம்.

பிளக்கைச் சொருகினேன், ஏசி ஓடியது. நாலு மணி வாக்கில் என் மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஏசி சத்தம் மாறுது, கேக்குதா?" என்றாள். கம்ப்ரசர் நின்று, மறுபடி கிளம்பப் பார்த்து, 'உம்ம்ம்' என்று உறுமிவிட்டு அடங்கியது. விளக்குகளோ பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அதனால் கரன்டில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சைட்டில் (ஒரு வண்டிக்கு ஒதுக்கிய இடத்தை அப்படிச் சொல்வார்கள்) தங்கியிருந்த ஒரு பெரியவர் உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சமையல் மேடை சாக்கெட்டில் சொருகிக் காட்டினார். 99 வோல்ட். அதற்குள் கம்ப்ரசர் போய்விட்டிருந்தது. புது ஏசிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று.

விளக்கு ஏன் மங்கவில்லை? ஆர்வியின் விளக்குகள் 12 வோல்ட் பேட்டரியில் எரிபவை. கன்வெர்ட்டர் என்ற பெட்டி வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை வாங்கி அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளியே 100 வோல்ட்டாக இறங்கினாலும் பேட்டரிக்கு வித்தியாசம் தெரியாது, பல்புக்கும் தெரியாது. ஊரில் நமக்கு இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை ஆர்வியில் கிடையாது. அதனால் புதிதாக வண்டி வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வேறு எதையும் வாங்குவதற்கு முன், சாக்கெட்டில் சொருகினால் வோல்ட் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கி, வண்டிக்குள் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வையுங்கள். 'கில் எ வாட்' போன்றவை இருபது முப்பது டாலருக்குள் கிடைக்கும்.

வோல்டேஜ் ஏன் இறங்குகிறது

பழைய கேம்ப்கிரவுண்டுகளில் ஒயர் போட்ட காலத்தில் ஒரு வண்டிக்கு நாலு பல்பு, ஒரு ஃபேன் என்பதுதான் கணக்கு. இன்று ஒவ்வொரு வண்டியின் கூரையிலும் ஒன்று அல்லது இரண்டு ஏசி. டெக்ஸாஸ், அரிசோனா பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு அத்தனையும் ஒன்றாக ஓடும். ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்த சைட்டுகளில், கடைசியில் இருப்பவருக்கு வந்து சேரும்போது வோல்டேஜ் மெலிந்துவிடும். குடிநீர்க் குழாயில் தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகலாக வருவதுபோலத்தான்.

பல்பாக இருந்தால் வோல்டேஜ் குறைய மங்கும், அவ்வளவுதான். மோட்டார் அப்படி இல்லை. அது அதே வேலையைச் செய்து முடிக்கப் பார்க்கும்; அதற்காக ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும். கூடுதல் ஆம்பியர் என்றால் காயிலில் கூடுதல் சூடு. கிளம்பும்போது இன்னும் மோசம்: கம்ப்ரசர் கிளம்புவதற்கு, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சுழலாமல் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு வேகும். ஒரே நாளில் எரிந்துபோக வேண்டும் என்றில்லை. மூன்று கோடைகாலம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, நாலாவது கோடையில் நல்ல கரன்டில் ஓடும்போது போகும். காரணம் யாருக்கும் புரியாது.

30-ஆ, 50-ஆ?

சைட்டின் ஓரத்தில் நிற்கும் கரன்ட் பெட்டியைப் பெடஸ்டல் என்பார்கள். அதில் பொதுவாக மூன்று வகை சாக்கெட் இருக்கும். 20 ஆம்ப், வீட்டில் இருப்பது போன்றது. 30 ஆம்ப், மூன்று பின்: ஒரு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், மொத்தம் 3,600 வாட். 50 ஆம்ப், நான்கு பின்: அதில் லைன் இரண்டு. ஒவ்வொன்றிலும் 120 வோல்ட், 50 ஆம்ப். ஆகவே மொத்தம் 12,000 வாட். 30-க்கும் 50-க்கும் இருபதுதான் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள், மூன்று மடங்குக்கும் மேல்.

50 ஆம்ப் வண்டி வைத்திருப்பவர்கள் நியூட்ரலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு லைனுக்கும் இடையில் 240 வோல்ட் இருக்கிறது. நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை அது நடுவில் நின்று இந்தப் பக்கம் 120, அந்தப் பக்கம் 120 என்று பிரித்துக் கொடுக்கும். பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் லூஸாகிக் கழன்றால், பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை. இரண்டு பக்கத்துச் சாமான்களும் தங்களுக்குள் 240-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். அதுவும் சமமாக இல்லை. லோடு அதிகமுள்ள பக்கம் 80-க்கு இறங்கும், லோடு குறைந்த பக்கம் 160-க்கு ஏறும். லோடு குறைந்த பக்கத்தில் டிவியோ மைக்ரோவேவின் கன்ட்ரோல் போர்டோ இருந்தால், சில நொடிகளில் கருகிய வாசனை வரும். பிரேக்கர் இதற்கு விழாது. பிரேக்கர் பார்ப்பது ஆம்பியரை, வோல்டேஜை அல்ல.

30 ஆம்பிலும் ஒரு பொறி உண்டு. உறவினர் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்த வசதியாக யாரோ ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து 30 ஆம்ப் சாக்கெட் போட்டிருப்பார்கள். அவர் ஆர்வி பார்த்திராதவர் என்றால், துணி உலர்த்தும் டிரையருக்குப் போடுவது போல 240 வோல்ட் கொடுத்துவிடுவார். இரண்டு சாக்கெட்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். 120-க்குச் செய்த வண்டிக்குள் 240 போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேம்ப்கிரவுண்டைவிட மாமா வீட்டு சாக்கெட்டை நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

எதை வாங்குவது

கடையில் 'சர்ஜ் ப்ரொடெக்டர்' என்று கேட்டால் நூறு டாலருக்குள் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் நிறைய. அது இடி மின்னலிலோ லைனில் திடீரென்றோ வரும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். வோல்டேஜ் 99-க்கு இறங்கினால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். என் வண்டியில் அன்று சர்ஜ் ப்ரொடெக்டர் இருந்தது என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு வேண்டியது இஎம்எஸ், அதாவது வரும் கரன்டைக் கண்காணித்து, சரியில்லை என்றால் தடுக்கும் பெட்டி. அது கரன்டை உள்ளே விடுவதற்கு முன்பே லைன், நியூட்ரல், எர்த் மூன்றும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் 104-க்குக் கீழே இறங்கினாலோ 132-க்கு மேலே ஏறினாலோ தானாகக் கட் செய்யும். இந்த எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு வோல்ட் மாறலாம். கரன்ட் சரியான பிறகும் உடனே விடாது, இரண்டு நிமிடம் போலக் காத்திருக்கும். ஏசிக்குள் அழுத்தம் சமமாவதற்கு அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டுக் கிளப்பினால் கம்ப்ரசர் திணறும்.

ப்ராக்ரஸிவ் இண்டஸ்ட்ரீஸ், சவுத்வயரின் சர்ஜ் கார்ட், ஹ்யூஸின் பவர் வாட்ச்டாக் ஆகியவை பலரும் வாங்கும் பெயர்கள். கம்பெனி பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். ஒரே கம்பெனி வெறும் சர்ஜ் பெட்டியையும் விற்கும், இஎம்எஸ்ஸையும் விற்கும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் தானாகக் கட் ஆகுமா என்று பெட்டியில் படித்துப் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் வேண்டாம். 30 ஆம்ப் இஎம்எஸ் சுமார் 250-லிருந்து 300 டாலர். 50 ஆம்ப் அதைவிடக் கூடுதல்.

பெடஸ்டலில் தொங்கவிடும் வகை, வண்டிக்குள்ளேயே ஒயரோடு இணைத்துவிடும் வகை என்று இரண்டு உண்டு. உள்ளே இணைப்பது மழையில் நனையாது, திருடு போகாது, மறந்துவிட்டு வரவும் முடியாது. ஆனால் மெயின் ஒயரில் கை வைக்கும் வேலை, தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். முதல் வருடத்துக்கும், வாடகை வண்டியில் போகிறவர்களுக்கும் தொங்கவிடும் வகையே போதும். வாடகை வண்டியோடு இது வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து ஸ்டெபிலைசர் கொண்டுவரலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே உதவாது.

சைட்டுக்குப் போனதும்

வண்டியை நிறுத்தி லெவல் பார்ப்பதற்கு முன்பே பெடஸ்டலுக்குப் போங்கள். கரன்ட் சரியில்லை என்றால் வேறு சைட் கேட்க வேண்டியிருக்கும்; எல்லாவற்றையும் இறக்கிப் பரப்பிய பிறகு கேட்க யாருக்கும் மனம் வராது.

1. பெட்டியைத் திறந்து முதலில் கண்ணால் பாருங்கள். சாக்கெட் ஓட்டைகளைச் சுற்றிக் கருப்பு, உருகிய பிளாஸ்டிக், ஆடும் மூடி ஏதாவது இருந்தால் அங்கேயே ஆபீசுக்குத் திரும்புங்கள். குளவிக்கூடு இருக்கும், கையை விடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பெடஸ்டல் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். பலர் பிரேக்கர் ஆனில் இருக்கும்போதே பிளக்கைச் சொருகுவார்கள். 'சட்' என்று ஒரு பொறி. ஒவ்வொரு பொறிக்கும் பின்னில் ஒரு கரும்புள்ளி. அந்தக் கரும்புள்ளிதான் பின்னால் சூடாகி உருகும் இடம்.

3. இஎம்எஸ்ஸை மட்டும் சொருகுங்கள். வண்டி ஒயரை அதில் இன்னும் இணைக்க வேண்டாம். பிரேக்கரை ஆன் செய்து, திரையில் வரும் வோல்ட்டையும் எச்சரிக்கை எழுத்தையும் பாருங்கள். குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். எர்த் இல்லை, லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது என்று காட்டினால் வேறு சைட் கேளுங்கள். "நேத்து வரைக்கும் ஒருத்தர் இங்கதான் இருந்தார், ஒண்ணும் ஆகல" என்பார்கள். அவர் வண்டியில் மீட்டர் இருந்திருக்காது.

4. சரி என்று காட்டினால் பிரேக்கரை மறுபடி ஆஃப் செய்து, வண்டி ஒயரை இணையுங்கள். வண்டிக்குள் ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஆஃபில் இருக்கட்டும். பிறகு ஆன்.

5. வண்டியில் ஏறுமுன், தரையில் நின்றபடி, தொடாமலே கரன்ட் காட்டும் டெஸ்டரை வண்டியின் உலோகப் பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அது கத்தினால் பாடியில் கரன்ட் பாய்கிறது. கதவுப் பிடியைத் தொடாதீர்கள்; பிரேக்கரை அணையுங்கள்.

இந்த ஐந்தாவதை யாரும் செய்வதில்லை, நான் வலியுறுத்துவது இதைத்தான். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. பெடஸ்டலில் எர்த் போய்விட்டால், உள்ளே எங்கேயாவது கசியும் கரன்ட் பாடியிலேயே தங்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை கதவைப் பிடித்தால்தான் தெரியும். லேசாகச் சுருக்கென்றது என்று யாராவது சொன்னாலும், "சரி, ஸ்டாட்டிக்கா இருக்கும்" என்று விடாதீர்கள்.

லோடு ஏற்றிப் பாருங்கள்

வெறும் பெடஸ்டலில் 118 காட்டுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் கேள்வி. 118 இருந்தது 114 ஆனால் கவலையில்லை. உங்கள் ஒரு ஏசிக்கே பத்து வோல்ட் இறங்கினால் அந்தப் பத்து எங்கே போயிற்று என்று யோசியுங்கள். ஏசி 13 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்தைப் பதின்மூன்றால் பெருக்க 130 வாட். ஒரு பழைய குண்டு பல்பைவிட அதிகமான சூடு ஏதோ ஓர் ஒயரிலோ லூஸான சாக்கெட்டிலோ வெளியேறிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் பிளக்கிலேயே இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் பிரேக்கரை அணைத்துவிட்டு வேறு வழி பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் ஒயரும் வோல்ட்டைத் தின்னும். 30 ஆம்புக்கு 10 கேஜ் ஒயர் என்பது கணக்கு (கேஜ் எண் கூடினால் ஒயர் மெலிசு). அதில் 50 அடி நீளத்துக்கு 24 ஆம்ப் ஓடினால் இரண்டரை வோல்ட் போலப் போகும். அதே நீளத்துக்கு வீட்டுத் தோட்டத்தில் புல்வெட்டிக்கு வைத்திருக்கும் 16 கேஜ் ஒயரைப் போட்டால் பத்து வோல்ட் போகும். அதற்கு முன் ஒயரே உருகும். மிச்ச ஒயரைச் சுருட்டிச் சுருட்டி வைக்காமல் பரப்பி விடுங்கள், சுருளுக்குள் சூடு தங்கும்.

30 ஆம்ப் சாக்கெட் தேய்ந்து லூஸாக இருந்து, பக்கத்திலேயே 50 ஆம்ப் சாக்கெட் சும்மா இருந்தால், டாக்போன் என்ற குட்டை அடாப்டரைப் போட்டு 30 ஆம்ப் வண்டியை அதில் சொருகலாம். வண்டிக்குள் இருக்கும் 30 ஆம்ப் மெயின் பிரேக்கர் அளவைப் பார்த்துக்கொள்ளும். 50 ஆம்ப் சாக்கெட் பலமுறை சொருகி உருவப்படாததால் பிடி நன்றாக இருக்கும். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மத்தியானம் மூன்று மணி

இனிமேல் உங்கள் வேலை மீட்டரைப் பார்ப்பதுதான். என் கணக்கு இது: 110-க்கு மேல் இருந்தால் கண்டுகொள்வதில்லை. 108 வந்தால், கரன்டிலும் கேஸிலும் ஓடும் என் வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிடுவேன். அதற்கும் கீழே போனால் ஏசியை நானே நிறுத்திவிடுவேன். இஎம்எஸ் 104-ல் கட் செய்யட்டும் என்று விடுவதில்லை. கட் ஆகி, இரண்டு நிமிடத்தில் வந்து, மறுபடி கட் ஆகி என்று விளையாடுவது ஏசிக்கு நல்லதில்லை. அந்த நேரத்தில் வண்டியை மூடிவிட்டு ஆற்றுக்கோ நூலகத்துக்கோ போய்விடுவோம். ஏழு மணிக்கு மேல் தானாகச் சரியாகும்.

30 ஆம்பில் தொடர்ந்து 24-க்கு மேல் இழுக்கக் கூடாது என்பதை வைத்துச் சமையலைத் திட்டமிடுங்கள். ஏசி 13. இன்ஸ்டன்ட் பாட் 1,000 வாட், அதாவது எட்டரை ஆம்ப். ஏசியோடு பொங்கல் வெந்துவிடும். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 15 ஆம்ப். ஏசியோடு தோசை நடக்காது. மைக்ரோவேவ், ஹேர் டிரையர், ரூம் ஹீட்டர் எல்லாம் ஆளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. வண்டியில் உள்ள கேஸ் அடுப்புக்குக் கரன்ட் வேண்டாம், அதை மறந்துவிட்டு இண்டக்‌ஷனைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். ஏசி கிளம்பும்போது இழுக்கும் கரன்டைக் குறைக்க 'சாஃப்ட் ஸ்டார்ட்' என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. கோடையில் அதிகம் போகிறவர்களுக்கு நல்ல முதலீடு.

ஆட்டோஃபார்மர் என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். வோல்டேஜ் இறங்கும்போது பத்து சதவீதம் போல ஏற்றிக் கொடுக்கும், 107 வந்தால் உள்ளே 117 ஆகும். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது கரன்டைப் படைப்பதில்லை. பெடஸ்டலிலிருந்து கூடுதல் ஆம்பியரை உறிஞ்சித்தான் ஏற்றுகிறது. அந்தக் கூடுதல் இழுப்பால் வரிசையில் மற்றவர்களுக்கு இன்னும் இறங்கும். குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீட்டைத் தெருவில் எப்படிப் பார்ப்போம்? சில கேம்ப்கிரவுண்டுகள் இதை அனுமதிப்பதில்லை. விலையும் கனமும் அதிகம். ஏசி இல்லாமல் இருக்கவே முடியாத வயதானவர்கள், உடல்நிலை சரியில்லாதவர்கள் வண்டியில் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் இஎம்எஸ் கரன்டை உள்ளே விடாமல் 'எர்த் இல்லை' என்று அடம் பிடிக்கும். பல ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைந்திருக்காது, அதனால்தான். இரண்டையும் இணைக்கும் பிளக் ஒன்று விற்கிறார்கள், ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டில் சொருகினால் தீரும். அதைப் பெடஸ்டலில் மட்டும் சொருகிவிடாதீர்கள்.

இடி மின்னல் நேரடியாக விழுந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. புயல் எச்சரிக்கை வந்தால், மழை தொடங்குவதற்கு முன்பே ஒயரை உருவிவிட்டுப் பேட்டரியில் இருங்கள்.

கிளம்பும்போது

வந்த வழியே திரும்பிப் போவதுதான். முதலில் வண்டிக்குள் ஏசியையும் மற்ற பெரிய சாமான்களையும் அணையுங்கள், பிறகு பெடஸ்டல் பிரேக்கர், பிறகு பிளக். பின்களைத் துணியால் துடைத்து, கருத்திருக்கிறதா பாருங்கள். கருத்துக் குழி விழுந்த பிளக்கை உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றுப் பிளக் எந்த ஆர்வி கடையிலும் கிடைக்கும். அப்புறம், முந்நூறு டாலர் இஎம்எஸ்ஸைப் பெடஸ்டலிலேயே மறந்துவிட்டு நூறு மைல் தள்ளிப்போய் ஞாபகம் வருபவர்கள் உண்டு. நாங்கள் சைட்டில் இறங்கியதுமே வண்டிச் சாவியை அதன் பூட்டில் மாட்டிவிடுவோம். அதை எடுக்காமல் வண்டி கிளம்பாது.